வாட்டர்கலரை எதன்மேல் எல்லாம் தீட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலர் டியூப்களை வாங்கிக் குவித்துவிட்டு, அதை எதன்மேல் தீட்டப்போகிறோம் என்பதைக் கடைசியில் யோசிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். அப்புறம் புத்தி வந்து, தாள், கேன்வாஸ், பானை ஓடு, வேட்டித் துணி, பிளாஸ்டிக் ஷீட் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் தீட்டிப் பார்த்து, துண்டு துண்டாக ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்த ஃபைலைப் புரட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்தான் இவை.

ஒரே கலர், ஒரே பிரஷ். ஒரு தாளில் அழகாகப் பரவுகிறது, இன்னொன்றில் தொட்ட இடத்திலேயே திட்டாக நின்றுவிடுகிறது. ஏன்?

தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். வாட்டர்கலர் என்பது நிறப்பொடியும் கம் அராபிக் என்கிற வேலம்பிசினும்தான், மற்றதெல்லாம் கொசுறு. தண்ணீர் தாளின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றால் நிறம் அதில் மிதந்து பரவும், நாம் பிரஷால் இழுத்துக்கொண்டு போகலாம். தாள் உடனே குடித்துவிட்டால் நிறமும் கூடவே உள்ளே போய்விடும், அதற்குமேல் நீங்கள் பிரஷை வைத்துக்கொண்டு கெஞ்சினாலும் நகராது.

தாள் உடனே குடித்துவிடாமல் இருக்கத்தான் சைசிங் போடுகிறார்கள். ஜெலட்டினோ ஸ்டார்ச்சோ வேறு ரசாயனமோ கலந்த கரைசலைத் தாளுக்குள்ளும் மேலேயும் ஏற்றுவது. தறியில் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்களே, அதற்கும் இதே பெயர்தான். வேலை வேறு, தத்துவம் கிட்டத்தட்ட ஒன்று.

இதைக் கடையில் நின்றே கண்டுபிடிக்கலாம், கடைக்காரர் முறைக்காத மாதிரி மூலையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்கிற மாதிரி முத்தாக உருண்டு நின்றால் சைசிங் பலம். மெதுவாகத் தட்டையாகி, ஒரு நிமிஷத்துக்கு மேல் பளபளப்போடு இருந்தால் நல்ல தாள். வைத்த உடனே கறுத்து, பின்பக்கம் ஈரம் தெரிந்தால் அது சுண்டல் மடிக்கத்தான் லாயக்கு.

காட்டன் தாள், செல்லுலோஸ் தாள் என்கிறார்கள். விலையில் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம். அவ்வளவு கொடுக்கத் தகுமா?

தகும். என்னைக் கேட்டால் கலரில் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தாளில் செலவழியுங்கள் என்பேன், கேமல் கலரை நல்ல காட்டன் தாளில் போட்டால் வருகிற படம், விலை உயர்ந்த வெளிநாட்டுக் கலரை மட்டமான தாளில் போட்டால் வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் சொல்கிறேன்.

செல்லுலோஸ் என்றால் மரக்கூழ். பருத்தியும் செல்லுலோஸ்தான், ஆனால் கடைப் பேச்சில் மரக்கூழைத்தான் அப்படிச் சொல்கிறோம். பருத்தி இழை நீளம், பலம். ஈரத்தில் தேய்த்தாலும் பஞ்சாக உரியாது, ஈரத்தைச் சீராக உள்ளே வைத்துக்கொண்டு மெல்ல விடும். ஈரத்தின்மேல் ஈரமாக வானம் போடுகிறவர்களுக்கு இந்த மெல்ல விடுகிற குணம்தான் உயிர். மரக்கூழ்த் தாளில் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாக இருக்கும், அங்கே அடுத்த பிரஷ் பட்டதும் காலிஃபிளவர் மாதிரி ஓரம் விட்டுவிடும்.

ஆங்கிலேய வாட்டர்கலர் மேதை டர்னர் பற்றிக் கதை ஒன்று உண்டு. 1818இல் யார்க்‌ஷயரில் ஃபார்ன்லி ஹால் என்ற வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, ஒரு பெரிய போர்க்கப்பல் படத்தை ஒரே காலைப்பொழுதில் முடித்தார். தாள் ஊறுகிற வரைக்கும் ஈரக் கலரை ஊற்றி, கிழித்து, சுரண்டி, தேய்த்து என்று பைத்தியம் பிடித்த மாதிரி வேலை செய்தார் என்று அந்த வீட்டில் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்றைய ஆங்கிலேய நல்ல தாள் துணிக் கந்தலில் செய்து ஜெலட்டின் ஏற்றியது என்பதால் அது தாங்கியது. நம் பள்ளி டிராயிங் நோட்டில் அதைச் செய்தால் மேஜைதான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. அட்டையில் வாட்டர்கலர் பேப்பர் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நான் ஒருமுறை ஒரு கட்டு முழுசாக வாங்கிவந்தேன், முதல் வாஷிலேயே, அதாவது கலரைத் தண்ணீராகக் கரைத்துப் பரப்பி இழுத்த உடனேயே, உறிஞ்சு தாள் மாதிரி குடித்தது. 100 சதவீதம் காட்டன் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் காட்டன் என்று மட்டும் இருந்தால் அதில் கால்வாசிதான் பருத்தியாக இருக்கலாம்.

கோல்ட் பிரஸ், ஹாட் பிரஸ், ரஃப். எதை வாங்குவது?

ஆரம்பத்தில் கோல்ட் பிரஸ், யோசிக்கவே வேண்டாம். சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் வழவழப்பான ஹாட் பிரஸ், சூடில்லாமல் அழுத்தினால் லேசான சொரசொரப்போடு கோல்ட் பிரஸ், அழுத்தாமல் விட்டால் ரஃப்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அல்ட்ராமரீன் நீலத்தைத் தண்ணீராகக் கரைத்து மூன்றிலும் ஒரு வாஷ் இழுங்கள். அந்தப் பொடி ஒன்றோடொன்று திரண்டு, பள்ளம் தேடி உட்காரும். ரஃப் தாளில் மழை பெய்த மண் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும், ஹாட் பிரஸில் உட்காரப் பள்ளம் இல்லாமல் வண்டல் கோடாக ஒதுங்கும். தாலோ நீலத்தில் இதை எதிர்பார்க்காதீர்கள், அது மிக நுண்ணிய பொடி, எல்லாத் தாளிலும் கறையாகப் பிடித்துக்கொள்ளும். முகம், பூ, பேனாக் கோடு என்றால் ஹாட் பிரஸ். கோயில் மதில், பாறை, வெயிலில் மினுங்குகிற தண்ணீர் என்றால் ரஃப், காய்ந்த பிரஷைப் படுக்கவைத்து இழுத்தாலே பாதி வேலையை அது செய்துவிடும்.

300 ஜிஎஸ்எம் என்றார்கள், வாங்கினேன், அப்படியும் நெளிகிறது.

நெளியும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், அவ்வளவுதான். 300 என்பது பழைய கணக்கில் 140 பவுண்டு. நனைந்தால் இழை வீங்கும், வீங்கினால் நெளியும். 640 ஜிஎஸ்எம் வாங்கினால் நெளியாது, ஆனால் பர்ஸ் நெளியும்.

வழி பழையதுதான். தாளைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, பிளைவுட் பலகையில் விரித்து, நாலு ஓரத்திலும் தண்ணீர் தொட்டு ஒட்டுகிற பிரவுன் பேப்பர் டேப்பை ஒட்டி, படுக்கவைத்தே காயவிடுங்கள். காயும்போது தாள் சுருங்க முயன்று மிருதங்கத் தோல் மாதிரி விறைத்துவிடும். பெயிண்ட் கடை மாஸ்கிங் டேப் இதற்கு ஆகாது, ஈரத்தில் கழன்றுவிடும். நான் முதல் தடவை அதைத்தான் ஒட்டினேன், நடு ராத்திரியில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டு எலி என்று நினைத்து எழுந்தேன்.

புதுச்சேரியில் கையால் செய்கிற தாள் கிடைக்கிறதே, அது சரிவருமா?

பார்க்க அவ்வளவு அழகு, வாங்காமல் வர முடியாது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959இலிருந்து இருக்கிறது. கைத்தாள் என்றால் பெரும்பாலும் பருத்தித் துணி வெட்டுத்துண்டுகளிலிருந்து செய்வது, ஆக இழை நல்ல இழை. ஆனால் அங்கே கிடைப்பதில் நிறைய வகை கடிதம், அழைப்பிதழ், ஆல்பம் போன்றவற்றுக்காகச் செய்தவை. பூவிதழ் பதித்த தாளும் சாயம் ஏற்றிய தாளும் வாட்டர்கலருக்கு இல்லை. வெள்ளையான தடித்த தாளை எடுத்து, முன்னே சொன்ன சொட்டுச் சோதனை செய்துவிட்டு வாங்குங்கள்.

குடிக்கிற தாளாகவே அமைந்துவிட்டாலும் தூக்கிப் போட வேண்டாம், வீட்டிலேயே சைசிங் ஏற்றலாம். நான் செய்தது இது: சமையலுக்கு விற்கிற வாசனை இல்லாத ஜெலட்டின் 20 கிராமைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, மொத்தம் ஒரு லிட்டர் வருகிற அளவுக்குச் சூடான தண்ணீரில் கரைத்தேன். கொதிக்க விடவில்லை, கொதித்தால் பிடிப்பு போய்விடும். கை பொறுக்கிற சூட்டில் அகலமான பிரஷால் இரண்டு பக்கமும் பூசிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கீழ் ஓரத்தில் கரைசல் சேர்ந்து அந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் ஒட்டாமல் போனது, அதனால் அடுத்த தடவை படுக்கவைத்துக் காயவைத்தேன். எறும்பு வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெலட்டின் என்றால் மாட்டு எலும்புதானே? நாங்கள் சைவம்.

எலும்பு, தோல் இரண்டிலிருந்தும் எடுப்பது. ஆர்ச் என்கிற பிரெஞ்சுக் கம்பெனித் தாள் ஜெலட்டின் ஏற்றியது. ஃபேப்ரியானோ என்கிற இத்தாலிய ஆலையின் ஆர்டிஸ்டிகோ வகையில் விலங்குப் பொருள் இல்லை என்று அந்த ஆலையே சொல்கிறது. வீட்டில் செய்வதானால் அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ நீர்க்கக் காய்ச்சி வடிகட்டிப் பூசிப் பாருங்கள், ஜெலட்டின் அளவுக்கு அழுத்தித் தேய்க்க முடியாது, ஆனால் உறிஞ்சுவது நன்றாகக் குறையும். ஈரமான மாதங்களில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கஞ்சித் தாளை உடனே தீட்டிவிடுவது நல்லது. கலர் சுலபமாக ஓடுவதற்காக விற்கிற ஆக்ஸ் கால் (ox gall) என்பது மாட்டுப் பித்தம் என்பதும் தெரிந்திருக்கட்டும், செயற்கை வகையும் விற்கிறார்கள்.

கேன்வாஸில் போடலாமா? கடையில் கிடைக்கிற சாதாரண கேன்வாஸில் போட்டேன், கலர் முத்து முத்தாக ஓடிவிட்டது.

கடைக் கேன்வாஸின் மேல் இருப்பது அக்ரிலிக் ஜெசோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு. அது ஆயிலுக்கும் அக்ரிலிக்குக்கும் பிடிப்புத் தருவது, தண்ணீரைக் குடிக்கிற குணம் அதற்குக் குறைவு. அதன்மேல் வாட்டர்கலர் கிரவுண்ட் என்று விற்கிற வெள்ளைக் களிம்பை இரண்டு பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் தாள் மாதிரி குடிக்க ஆரம்பிக்கும். அதில் டேனியல் ஸ்மித் என்கிற வெளிநாட்டுக் கம்பெனியின் டப்பா நம் ஊரில் விலை அதிகம்.

நான் ஜெசோவிலேயே சாக்பீஸை அம்மியில் பொடித்து, சலித்து, மூன்றுக்கு ஒன்று கலந்து பார்த்தேன். ஓரளவுக்கு வேலை செய்தது. அதிகம் கலந்தால் கேன்வாஸை லேசாக மடக்கினாலே பாளம் பாளமாக விரிசல் விடும், ஆகவே இதைப் பலகைமேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரவுண்டில் ஒரு சந்தோஷம், ஒரு துக்கம். சந்தோஷம், பிடிக்காத இடத்தை ஈர டிஷ்யூவால் துடைத்தால் கிட்டத்தட்ட வெள்ளைக்கே திரும்பிவிடும். துக்கமும் அதே. முதல் பூச்சு காய்ந்தபிறகு மேலே இரண்டாவது பூச்சு போடும்போது அடியில் இருப்பது கரைந்து கிளம்பிவரும். பிரஷை ஒரே தடவை இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், திரும்பத் தடவினால் சேறு. முடித்ததும் கண்ணாடி போடப் போவதில்லை என்றால் ஸ்ப்ரே வார்னிஷ் அடியுங்கள், பிரஷால் வார்னிஷ் பூசினால் படத்தைக் கழுவிவிட்ட மாதிரி ஆகும்.

பிளாஸ்டிக் மாதிரி ஒரு தாளில் தீட்டுகிறார்களே, அது என்ன?

யூப்போ. ஜப்பானில் பிறந்த பாலிப்ரொப்பிலீன் ஷீட், மரமும் இல்லை பருத்தியும் இல்லை. ஒரு சொட்டும் உள்ளே போகாது, தண்ணீர் ஆவியாகித்தான் காய வேண்டும். நிறம் மேலேயே உட்காருவதால் அவ்வளவு பளிச்சென்று இருக்கும், நீங்கள் நினைத்த இடத்தில் மட்டும் இருக்காது. இரண்டு குட்டைகள் தொட்டுக்கொண்டால் ஒன்றின் நிறம் மற்றொன்றுக்குள் பாய்கிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், நான் அப்படி டீ ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன். விரல் ரேகை எண்ணெய் பட்ட இடத்தில் கலர் விலகி ஓடும், முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்துவிடுங்கள்.

இதை ஏதோ புதுசு என்று நினைக்கிறவர்களுக்குத் திருச்சிராப்பள்ளியை ஞாபகப்படுத்துவேன். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓவியர்கள் மைக்கா தகட்டில், நம் பேச்சில் காக்காப்பொன், கோந்தில் குழைத்த நீர்வண்ணத்தால் தீட்டினார்கள். தெய்வங்கள், தொழில் செய்கிறவர்கள், ஊர்வலங்கள் என்று கட்டுக் கட்டாக வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வாங்கிப் போனார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் சில இருக்கின்றன. மைக்காவும் ஒரு சொட்டுக் குடிக்காது. அதனால் அவர்கள் யூப்போவில் நாம் செய்கிற மாதிரி ஓடவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை, கலரைக் கெட்டியாக, ஒளி புகாத மாதிரி குழைத்துச் சின்னச் சின்னதாக வைத்தார்கள். பிடித்துக்கொள்ள இழை எதுவும் இல்லாததால் பல படங்களில் கலர் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. யூப்போ படத்துக்கும் அந்த ஆபத்து உண்டு, கை பட்டாலே அழியும், வார்னிஷோ கண்ணாடியோ கட்டாயம்.

எலக்ட்ரிகல் கடையில் இஸ்திரிப்பெட்டி ரிப்பேருக்கு மைக்கா ஷீட் வைத்திருப்பார்கள். ஒன்று வாங்கி, வெள்ளை போஸ்டர் கலர் கலந்து ஒரு மயில் போட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஓரமெல்லாம் தேன் நிறத்தில் தெரிகிறது. என் ஃபைலில் எனக்குப் பிடித்த துண்டு அதுதான்.

துணியில்?

சட்டை, புடவை என்றால் வேண்டாம், துவைத்தால் பிசினோடு போய்விடும். அதற்கு ஃபேப்ரிக் கலர் இருக்கிறது. பட்டில் ஓடவிட்டுத் தீட்டுகிறார்களே என்றால், அது சாயம், நிறப்பொடி இல்லை.

சட்டம் போட்டு மாட்டுவதற்கு என்றால் போடலாம், ஆனால் வெறும் பருத்தித் துணியில் கோடு இழுத்தால் இரண்டு பக்கமும் மீசை முளைக்கும். இதற்கு நம்மவர்கள் எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். காளஹஸ்தி கலம்காரியில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கிக் காயவைத்த பிறகுதான் பேனாவை வைப்பார்கள். கடுக்காய் சாயம் பிடிக்க, பாலின் கொழுப்பு ஓடாமல் தடுக்க. நான் பழைய வேட்டித் துண்டில் பாக்கெட் பால் மட்டும் வைத்துச் செய்து பார்த்தேன், மீசை பாதிக்குப் பாதி குறைந்தது, வீட்டில் மூன்று நாள் பால் புளித்த வாடை. கெட்டிக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துண்டு அதைவிடச் சுத்தமாக வந்தது.

மரம், கூழாங்கல், பானை ஓடு?

பானை ஓடு வெறும் தாகம், கிரவுண்ட் இல்லாமல் எதுவும் நடக்காது. கூழாங்கல் வழவழப்பாக இருந்தால் கலர் ஒட்டாது, அதற்கும் கிரவுண்ட். மரம் மட்டும் சுவாரசியம். இழைத்துத் தேய்த்த வெளிர் நிறப் பலகையில் நேரடியாகவே போடலாம், ரேகை வழியே நிறம் ஓடி அதுவே ஒரு படமாகும். தேக்கில் எண்ணெய்ப் பசை, சரிவராது. சிப்பியின் உள்பக்கம் அழகாக இருக்கும், கை பட்டால் போய்விடும்.

சுண்ணாம்புச் சுவரில் போட்டால் நிற்குமா?

காய்ந்த சுவர் என்றால் மேலாக ஒட்டியிருக்கும், துடைத்தால் வரும். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்கள் நிற்பது வேறு கணக்கு. அங்கே ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியதால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகும்போது நிறத்தையும் உள்ளே பிடித்துக்கொண்டது. மேலே நாயக்கர் காலத்துப் படம் மூடியிருந்ததால் 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கிற வரை வெளியே தெரியவில்லை. ஓட்டின்மேல் சுண்ணாம்பு பூசிச் சோதனை செய்வதானால் காவி, மஞ்சள் மண், கறுப்பு மாதிரி மண் நிறங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரஷ்யன் நீலத்தைப் போட்டால் சுண்ணாம்பின் காரம் அதைச் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும்.

உப்புத் தூவினால் நட்சத்திரம் மாதிரி வரும் என்கிறார்கள், எனக்கு வரவில்லை.

நேரம் தவறியிருக்கும். குளமாக இருக்கும்போது போட்டால் உப்பு கரைந்துவிடும், மங்கியபிறகு போட்டால் ஒன்றும் நடக்காது, பளபளப்பு மறையத் தொடங்குகிற அந்தக் கொஞ்ச நேரம்தான். பொடி உப்புக்குச் சின்னப் பூ, கல் உப்புக்குப் பெரிய பூ. சீக்கிரம் குடிக்கிற தாளில் அந்த நேரமே கிடைக்காது. காய்ந்ததும் உப்பை முழுசாகத் தட்டிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் ஒட்டியிருக்கிற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, ஆறு மாதம் கழித்தும் அந்த இடத்தைப் பிசுபிசுக்க வைக்கும்.

சென்னை வெயிலுக்கும் மழைக்கும் என்ன செய்வது?

மே மாதம் ஃபேனுக்கு அடியில் பெரிய வாஷ் போடாதீர்கள், வலது ஓரத்துக்குப் போவதற்குள் இடது ஓரம் காய்ந்திருக்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, தாளின் பின்பக்கத்தையும் நனைத்துத் தட்டின்மேல் ஒட்டவைத்துத் தீட்டினால் நேரம் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நேர் எதிர், முதல் பூச்சு காயக் காத்திருந்தே பொழுது போய்விடும், ஹேர் டிரையர் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் தாளை வைக்கிற இடம். நான் பத்து காட்டன் தாள்களைப் பரணில் போட்டுவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்க மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை, வாஷ் போட்டதும் அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். ஈரத்தில் சைசிங் கெட்டுப்போன இடங்கள் அவை. இப்போது சிலிக்கா ஜெல் பையோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைக்காமல் அலமாரியில் வைக்கிறேன். கெட்ட தாள்களில் பாறையும் பாசிபடிந்த சுவரும் தீட்டித் தீர்த்தேன், அதற்கு அந்தப் புள்ளிகள் பொருத்தமாகவே இருந்தன.

சோதனையை எப்படி ஆரம்பிப்பது? ஒரே ஒரு நல்ல தாள்தான் வாங்க முடியும்.

போதும். 22க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்று, 300 ஜிஎஸ்எம், 100 சதவீதம் காட்டன். கத்தரிக்கோல் வேண்டாம், மடித்துக் கத்தியின் முதுகால் அறுத்து எட்டாக்குங்கள், ஒவ்வொன்றும் பதினொன்றுக்கு ஏழரை அங்குலம் வரும். ஒரு துண்டில் கட்டம் போட்டு, ஒரே பிரஷ், மூன்றே கலர் வைத்து, சமமான வாஷ், அடர்த்தியிலிருந்து வெளிருக்கு இறங்குவது, ஈரத்தின்மேல் ஈரம், காய்ந்த பிரஷ், காய்ந்தபின் துடைத்தெடுப்பது, பூச்சின்மேல் பூச்சு என்று வரிசையாகச் செய்யுங்கள். இனி எந்தத் தாளை, பலகையை, துணியைத் தொட்டாலும் இதே கட்டம், இதே மூன்று கலர். பின்னால் பென்சிலில் தேதியும் தாளின் பெயரும் எழுதிவையுங்கள், நான் எழுதாமல் விட்ட பதினேழு துண்டுகள் எது எந்தத் தாள் என்று இன்றைக்கும் தெரியாமல் கிடக்கின்றன. மிச்சம் ஏழு துண்டு இருக்கிறது. பின்பக்கமும் தீட்டலாம், ஆக பதினாலு.